பேய்க்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது

மேற்கு வங்கம் புருலியா மாவட்டத்துல, ஜால்டாவுக்கும் கோட்ஷிலாவுக்கும் நடுவுல பேகுன்கோடர்னு ஒரு குட்டி ஸ்டேஷன். (பேகுன்னா வங்காளியில கத்திரிக்காய். ஊருக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க.) 1960-ல திறந்தாங்க, 1967-ல மூடினாங்க. காரணம் பேய்!

வெள்ளைச் சேலை கட்டின பொம்பளை ராத்திரியில தண்டவாளத்துல நடக்கறதைப் பார்த்ததா ஊழியர் ஒருத்தர் சொன்னாராம். அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் இறந்துபோக, பேய் அடிச்சுடுச்சுன்னு பேச்சு கிளம்பிடுச்சு. அங்கே வேலைக்குப் போக யாரும் தயாரா இல்லை. ரயில் நிக்கறதும் நின்னுபோச்சு. 42 வருஷம்!

டிவிக்காரங்களுக்கு இது திகில் கதை. எனக்கு இது டிரான்ஸ்ஃபர் கதை.

பேங்க்ல குப்பை கொட்டறவன் நான். கிராமத்துக் கிளைக்கு ஆர்டர் வந்தா எங்க ஆபீசுல என்ன நடக்கும்னு தெரியும். ஒருத்தருக்கு முதுகுவலி வரும், இன்னொருத்தருக்கு மாமியார் சீரியஸ். நானே பையனோட பத்தாவது பரீட்சையைக் காட்டி ஒரு வருஷம் தள்ளிப் போட்டவன்தான். அந்த ஒரு வருஷமும் கிளையில ஆபீசர் இல்லாம லோன் மனு எல்லாம் தூங்கிச்சு. அங்கே போய்ச் சேர்ந்தப்புறம்தான் அது தெரிஞ்சது. பேய் ஐடியா எனக்குத் தோணலை, அவ்வளவுதான்.

நான் மட்டும் சொல்லலை. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுல இருந்த பாசுதேவ் ஆச்சாரியாவும், அங்கே போஸ்டிங் போகாம இருக்க ஊழியர்களே கட்டிவிட்ட கதைன்னுதான் சொன்னார். 2017 டிசம்பர்ல பகுத்தறிவு இயக்கத்துக்காரங்க ஒரு ராத்திரி அங்கேயே தங்கிப் பார்த்தாங்க. பேய் வரலை. பயமுறுத்த ஒளிஞ்சிருந்த உள்ளூர் ஆளுங்கதான் மாட்டினாங்க!

ஊழியர்கள் மேல எனக்குப் பெரிசா கோபமில்லை. 1967-ல அத்துவானத்துல தனியா ராத்திரி டியூட்டி பார்க்கறது லேசா என்ன? ஆள் போகலைன்னதும் ஸ்டேஷனையே மூடின மேலிடத்து மேலதான் கோபம். காசு கொடுத்து டிக்கெட் வாங்க ஜனம் இருந்துச்சு. பிள்ளைத்தாச்சியோ காய்ச்சல்காரனோ, ரயில் பிடிக்க அடுத்த ஸ்டேஷனுக்குப் போகணும். அவங்க ஊர் வழியா போற வண்டி, அவங்களுக்கு மட்டும் நிக்காது.

2009 ஆகஸ்ட்ல, மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சரா இருந்தப்போ, மறுபடி திறந்தாங்க. ஆனா வெறும் ஹால்ட்டா. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் விக்க வெளி ஆள் ஒருத்தர். 42 வருஷம் கழிச்சும் ரயில்வே தன்னோட ஆள் ஒருத்தரை அங்கே அனுப்பலை.