கடை நிற்கும் மண்ணில் முன்பு என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் ஜனங்கள் தேர்த் திருவிழாவுக்குப் போவதுபோல் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். மாடிக்கு மாடி விளக்கு. வாசலுக்குப் போனாலே குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. ஒரு பாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிடத்தை அண்ணாந்து பார்க்கிறாள்.

"ஆயா, இந்தக் கடை கட்டறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று பையன் கேட்கிறான்.

பாட்டி யோசிக்கிறாள். "என்னமோ இருந்துச்சுடா. தோப்போ, கொட்டகையோ..." என்று இழுக்கிறாள். அதற்குள் கூட்டம் இருவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

பையன் கேட்டது நல்ல கேள்வி. கோயிலுக்குத் தல புராணம் உண்டு. கோட்டைக்குச் சரித்திரம் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு போய்வருகிற பெரிய கடைக்கு? அது நிற்கும் மண்ணுக்கும் ஒரு சரித்திரம் இருக்கத்தான் செய்கிறது. அதை ஊரார் எழுதி வைக்க வேண்டும். கடைக்காரர் அதை வாசலில் போட வேண்டும். பழங்கதை பேசிப் பொழுது போக்குவதற்காக அல்ல. குழந்தை குட்டிகளோடு போகிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு வேண்டிய காரியம்.

துரைமார் கடையிலிருந்து

எல்லாச் சாமானும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் கடை தாம்பரம் பக்கத்தில் முளைத்தது அல்ல. அது பட்டணத்திலிருந்து வந்தது. பட்டணத்தில் அப்படிப்பட்ட கடை என்றால் முதலில் சொல்லவேண்டியது மவுண்ட் ரோடு ஸ்பென்சர். 1863-ல் தொடங்கிய கம்பெனி அது. 1890-களில் சிவப்புக் கட்டிடமும் கோபுரமுமாக, அரண்மனை போல ஒரு கடையைக் கட்டினார்கள். கப்பலில் வந்த சீமைச் சாமான்களுக்குப் பேர்போன கடை. 1980-களில் அந்தக் கட்டிடம் தீப்பிடித்து அழிந்தது. அதே மண்ணில் 1990-களில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. இந்த ஒரு மனைக்காவது சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. யாராவது எழுதினார்கள், அதனால் தெரிகிறது.

மூர் மார்க்கெட்டின் கதையும் அப்படித்தான். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-ல் திறந்த சந்தை அது. பழைய புத்தகம் முதல் பறவைக் கூண்டு வரை விற்றது. 1985 மே மாதம் எரிந்து போயிற்று. இன்று அந்த இடத்திலிருந்து புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. ரயில்வேக்காரர்கள் இன்னும் அதை மூர் மார்க்கெட் வளாகம் என்றே சொல்கிறார்கள். சந்தை போனாலும் பெயர் நிற்கிறது.

தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடிகை டி. ஆர். ராஜகுமாரி ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். அதற்கு ராஜகுமாரி என்றே பெயர். கொட்டகை போய்க் கடைக் கட்டிடம் வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கடை தெரியும். கொட்டகை தெரியாது.

ரயில் பாதை வழியாக

பெரிய கடை மவுண்ட் ரோட்டிலிருந்து தெற்கே எப்படி வந்தது? ரயில் பாதையைப் பார்த்தாலே விளங்கும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அதற்கு முன்பே, 1928-ல், காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரி முத்து ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். தாம்பரம் சானடோரியம் என்ற ஸ்டேஷன் பெயர் அந்த ஆஸ்பத்திரியால் வந்தது. நல்ல காற்று வேண்டியவர்கள் அன்று தாம்பரத்துக்கு வந்தார்கள் என்று சொன்னால் இன்று ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சிரிப்பார்கள்!

தீபாவளிக்குத் துணி வேண்டுமென்றால் தாம்பரம் குடும்பங்கள் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கும். ஸ்டேஷனை ஒட்டியே ரங்கநாதன் தெரு. அந்தத் தெருவில் பாத்திரக் கடையாகத் தொடங்கியதுதான் சரவணா ஸ்டோர்ஸ். கையில் சில நூறு ரூபாய் வைத்திருக்கும் ஏழைப் பெண்ணும் கூச்சமில்லாமல் உள்ளே போய், பத்துப் புடவையைப் பிரித்துப் பார்த்து, ஒன்றை வாங்கி வரலாம். இது சின்ன மாறுதல் அல்ல. பெரிய கடைகளைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

பிறகு கடையே ஜனங்களைத் தேடி வந்தது. சரவணா பெயர் தாங்கிய கடை குரோம்பேட்டைக்கு வந்தது. 1923-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த போத்தீஸும் வந்தது. மாம்பலம் வரை போகாமலே துணி எடுத்துவிடலாம் என்று ஆயிற்று.

ஆனால் இவை வருவதற்கு முன்பும் தாம்பரம் பக்கத்தில் வியாபாரம் இல்லாமல் இல்லை. முடிச்சூர், படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஜனங்கள் ரயில் பிடிக்கத் தாம்பரத்துக்குத்தான் வரவேண்டும். ஸ்டேஷனுக்கு மேற்கே சண்முகம் சாலையில் காய்கறியும் துணியும் பாத்திரமும் நெருக்கமாக விற்பது இன்றைக்கும் நடக்கிறது. பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடுகிறது. பூச்செடி, புறா, கருவாடு, பழைய நாற்காலி, போல்ட்டு, நட்டு, ஓடாத கடிகாரம் எல்லாம் கிடைக்கும். அதுவும் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர்தான். கூரை மட்டும் இல்லை. அதே பல்லாவரத்தில்தான், ஸ்பென்சர் தொடங்கிய அதே 1863-ல், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். பல லட்சம் வருஷங்களுக்கு முந்திய மனிதர்களின் கருவி அது. சந்தை கூடும் ஊர் எவ்வளவு பழையது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பெயரில் ஒளிந்திருக்கும் கதை

குரோம்பேட்டை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். குரோம் என்றால் ஏதோ ஊர்த் தேவதை என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தோல் பதனிடும் ஓர் உப்பு. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பு போட்டால் சில நாட்களில் முடியும். அந்த முறையில் தோல் பதனிட சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது. தொழிற்சாலை போய்விட்டது. பெயரைத் தினமும் ரயிலில் ஒலிபெருக்கி சொல்கிறது.

தியாகராய நகர்க் கதை இன்னும் பெரியது. இன்று தங்கமும் பட்டும் விற்கும் அந்தப் பேட்டை ஒரு காலத்தில் ஏரி! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வடித்துத்தான் மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரியைப் பார்த்த ரோடு, ஏரிக்கரை ரோடு என்று பொருள். ரோடு இருக்கிறது, ஏரியைக் காணோம்.

தெற்கே வந்தால் ஏரிகள் இன்னும் முழுக்க மறையவில்லை. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் போகும் இருநூறு அடிச் சாலை போகிறது. இரும்புலியூர் ஏரியைச் சாலைகள் துண்டு போட்டுவிட்டன. சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். போவதற்கு வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கேதான் கடை மண்ணின் சரித்திரம் வீட்டு விஷயமாகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி. அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் வழிந்தன. அடையாறு கரை புரண்டது. முடிச்சூர் பக்கம் வீடுகளிலிருந்து ஜனங்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடிப் போயிற்று. அந்த வழியில் நின்றவர்களுக்கு அது வழி என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கடை ஏரியில் நிற்கிறது, அந்தக் கடை வாய்க்காலில் நிற்கிறது என்று டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் பாதி பொய்யாக இருக்கும். நியாயமாகப் பட்டா நிலம் வாங்கி, வரி கட்டி, கட்டிடம் கட்டிய கடைக்காரருக்கும் அந்தப் பேச்சால் கெட்ட பெயர். எழுத்தில் இருந்துவிட்டால் வம்புக்கு இடமில்லை.

தீ விஷயமும் இருக்கிறது. 2008-ல் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை எரிந்து ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31-ல் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்தது. கட்டிடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. சின்னக் கடைகளுக்காகப் பிறந்த குறுகலான தெருவில் மலை போன்ற கடை எழும்பினால் தீயணைக்கும் வண்டி எங்கே நிற்கும்? தெரு எதற்காகப் போட்டது, எத்தனை அடி அகலம், யார் யார் மனையைச் சேர்த்து இந்தக் கட்டிடம் எழும்பியது என்பதும் மண்ணின் சரித்திரம்தான்.

தேடுவது எப்படி?

இது பெரிய படிப்பாளிகள் மட்டும் செய்யும் வேலை என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு நிலத்துக்கும் புல எண் உண்டு. சர்வே நம்பர் என்று எல்லாரும் சொல்வது அதுதான். கிராமக் கணக்கில் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் அந்த எண்ணைப் பார்த்தால் நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்று இருக்கும். புறம்போக்கு என்றால் ஏரியா, வாய்க்காலா, வண்டிப்பாதையா, மேய்ச்சல் தரையா என்பதையும் பார்க்கலாம். அரசாங்கத்தின் இணையதளத்திலேயே இந்தப் பதிவேட்டைப் பார்க்க வசதி இருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் செல்போனில் எடுத்துக் காட்டிவிடும். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்கு வில்லங்கச் சான்று இருக்கிறது. மிகப் பழைய வருஷங்களுக்குப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் இல்லாதது கிழவர்கள் வாயில் இருக்கிறது. சண்முகம் சாலையில் நாற்பது வருஷம் தையல் மிஷின் மிதித்தவர், ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர், சந்தைக்குக் கூடை சுமந்த அம்மாள். இவர்களைக் கேட்டால் எந்த மூலையில் கிணறு, எந்த மூலையில் விறகுத் தொட்டி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் எப்போதும் இருக்கப் போவதில்லை. கேட்கவேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

காகிதங்களுக்கும் ஆபத்து உண்டு. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பத்து ஆபீஸ் ஒன்றானால் பத்து ஆபீஸின் பழைய வரிப் புத்தகங்கள் என்ன ஆகும்? வீடு மாற்றும்போது குடும்பங்கள் எதை முதலில் பழைய பேப்பர்க்காரருக்குப் போடுகின்றன என்று யோசித்தாலே தெரியும். எந்த மனையில் எந்த வருஷம் கூரைக் கட்டிடம், எந்த வருஷம் மாடி என்று சொல்லக்கூடியவை அந்த வரிப் புத்தகங்களே. மாநகராட்சி அவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டிக் காக்க வேண்டும். வார்டுகள் மொத்தம் எழுபது. வார்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டால் எழுபது நோட்டு. கிறிஸ்தவக் கல்லூரியில் சரித்திரம் படிக்கும் பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் வேலையைக் கொடுத்தால் ஒரு கோடை விடுமுறையில் பாதி முடிந்துவிடும்.

கடைக்காரர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா? "நான் கடை நடத்துகிறேன், மியூசியமா நடத்துகிறேன்?" என்று சிலர் கேட்கலாம். ஆடித் தள்ளுபடிக்கு எத்தனை அடி உயரத்தில் பேனர் கட்டுகிறார்கள்! அதில் ஒரு மூலைத் துணியின் செலவுதான் இதற்கு ஆகும். நாலு வரி போதும். புல எண். முன்பு என்ன நிலம். முன்பு நின்ற கட்டிடம் எது. இந்தக் கட்டிடம் எழும்பிய வருஷம். இடமிருந்தால் ஐந்தாவது வரியாக, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதையும் எழுதலாம்.

பலகையை எங்கே மாட்டுவது என்பதற்கும் யோசனை உண்டு. உள்ளே நுழைந்ததும் கைப்பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கும் இடம் இருக்கிறதல்லவா? விசேஷ நாளில் அங்கே கால் மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். அந்தச் சுவரில், பெரிய எழுத்தில், தமிழில் மாட்டலாம். பேரன் சத்தம் போட்டுப் படிப்பான். பாட்டியும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அட, நான் சொன்ன தோப்பு இதுதாண்டா!" என்பாள்.