நாய்க்கு வாங்கின எண்ணெய்

போன மாசம் ஓபி-ல நடந்தது. 9 வயசுப் பையன், வலிப்புன்னு தூக்கிட்டு ஓடி வந்தாங்க. ரெண்டு வருஷமா வால்ப்ரோயேட் மாத்திரையில நல்லா இருந்தவன். மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாச்சாம்.

"நாய்க்கு நல்லா கேட்டுச்சுங்க சார், அதான் இவனுக்கும் விட்டேனுங்க"ன்னு அவங்கம்மா ஒரு பாட்டிலை நீட்டினாங்க. லேபிள்ல ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் கஞ்சா இலை.

அந்தம்மாவைத் திட்ட மனசு வரலை. வித்தவனைத்தான் திட்டணும். அதுக்குத்தான் இந்த த்ரெட்.

(நான் எம்பிபிஎஸ். கால்நடை டாக்டர் இல்லை. தெரியும். ஆனா பாட்டில் என் மேஜைக்கு வந்துடுச்சே.)

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தா பொடி எழுத்துல "ஹெம்ப் சீட் ஆயில்". அதாவது விதை எண்ணெய். வலிப்புக்குக் கேட்கும்னு சொல்ற சிபிடி இருக்கிறது செடியோட பூவிலயும் இலையிலயும். விதையில கிட்டத்தட்ட கிடையாது. 2021ல எஃப்எஸ்எஸ்ஏஐ இதை உணவாத்தான் அனுமதிச்சுது, மருந்தா இல்லை. நல்லெண்ணெய் விலைக்கு வித்தா நான் வாயே திறக்க மாட்டேன்.

பூவும் பிசினும் 1985 போதைப்பொருள் சட்டத்துல குற்றம். விதை அந்தச் சட்டத்துக்கு வெளிய நிக்குது. அந்தச் சந்துல கடை போட்டுட்டு, படத்துல மட்டும் இலையைக் காட்டுறாங்க.

"அமெரிக்காவுல நிரூபிச்சாச்சு டாக்டர்"னு வருவீங்க. வாங்க. 2019ல கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு. கடைசி வரைக்கும் வந்தது 16 நாய். சிபிடி குடுத்த நாய்களுக்கு வலிப்பு சராசரியா 33% குறைஞ்சது, நிஜம். ஆனா பாதிக்கு மேல குறைஞ்ச நாய்ங்க எத்தனைன்னு பார்த்தா, சும்மா எண்ணெய் குடுத்த குரூப்புக்கும் இதுக்கும் வித்தியாசமில்லை. அளவு கிலோவுக்கு 2.5 மி.கி., தினம் ரெண்டு வேளை. 15 கிலோ நாய்க்கு நாளைக்கு 75 மி.கி. சுத்தமான சிபிடி. ரெண்டு சொட்டு விதை எண்ணெய்ல அது வராது. முக்கியமா, அந்த நாய்ங்க எதுக்கும் பழைய வலிப்பு மாத்திரையை நிறுத்தலை.

மனுஷங்களுக்கும் அப்படித்தான். 2018ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச எபிடியோலெக்ஸ், அரிதான சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு. எல்லா வலிப்புக்கும் இல்லை.

ஆராய்ச்சியே வேணாம்னு சொல்லலை. நம்ம நாமக்கல்லுலயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, முறையா அனுமதி வாங்கிச் செய்யட்டும், முதல் ஆளா கை தட்டுறேன். ஆன்லைன் வியாபாரி செய்யிறது ஆராய்ச்சி இல்லை.

இன்னொண்ணு, சில பேர் "ஒரிஜினல்" தேடி நிஜக் கஞ்சாவையே நாய்க்குக் குடுக்கிறாங்க. அதுல இருக்கிற டிஹெச்சி நாயை நம்மளை விட மோசமா அடிக்கும். தள்ளாடும், தன்னறியாம மூத்திரம் சொட்டும், உடம்பு சில்லிடும்.

சரி, அந்த நாய் எப்படித்தான் நல்லாச்சுன்னு கேட்டேன்.

"கால்நடை ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையும் கூடவே குடுத்தோமுங்க."

ஃபினோபார்பிட்டோன். நாய் வலிப்புக்கு உலகம் பூரா குடுக்கிற பழைய மாத்திரை. நாய் அதை நிறுத்தலை. பையன் நிறுத்திட்டான்.

பையன் மூணாம் நாள் வீட்டுக்குப் போனான். நாயோட மாத்திரையையும் நிறுத்திடாதீங்கக்கான்னு சொல்லி அனுப்பினேன்.