வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒண்ணும் இல்லையாம்!

போன மாசம் கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி குடும்பம் நோணாங்குப்பம் வந்திருந்தது. தங்கச்சி, மாப்பிள்ளை, அஞ்சாவது படிக்கிற என் மருமகள். நம்ம ஊருக்கு யார் வந்தாலும் சடங்கு ஒண்ணுதான். முதல் நாள் சுண்ணாம்பாறு போட் ஹவுஸ், பாரடைஸ் பீச். ரெண்டாம் நாள் டவுன். ஆனா இந்தத் தடவை மாப்பிள்ளை போன்லயே ஏதோ ஒரு 'ஹெரிடேஜ் வாக்' புக் பண்ணிட்டார். தலைக்கு ஐநூறு ரூபாய்.

"மச்சான், நீங்களும் வாங்க. உங்க ஊருதானே, கைடு தப்பாச் சொன்னா கண்டுபிடிச்சுடலாம்" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அதுவே வினையாப் போச்சு.

காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் காந்தி சிலை. கைடு இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசுப் பையன். நல்ல குரல், நல்ல பேச்சு, ஆங்கிலமும் தமிழும் கலந்து அடிக்கிறான். ரெண்டு மணி நேரம் நடந்தோம். காந்தி சிலை, மேரி கட்டிடம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி. மஞ்சள் சுவர் வரும்போதெல்லாம் "சார், இங்க போட்டோ நல்லா வரும்". நான் சும்மா இருக்காமல் எண்ணிக்கொண்டே வந்தேன். போட்டோவுக்காக நின்ற இடம் பதினொன்று. அவன் வாயிலிருந்து வந்த தமிழன் பெயர் ஒண்ணே ஒண்ணு, பாரதி. அதுவும் பாரதி பூங்காவைக் கடக்கும்போது!

கடைசியாப் பெரிய வாய்க்கால் ஓரம் வந்து நின்றோம். என் மருமகள் எதிர்ப்பக்கம் கையைக் காட்டி, "அண்ணா, அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"அந்தாண்ட ஒண்ணும் இல்ல பாப்பா. மார்க்கெட்டு, கடைங்கதான்."

அவ்வளவுதான். டூர் முடிஞ்சுது. எனக்குக் காதுல புகை.

சரி, மேட்டருக்கு வர்றேன். வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பதற்குப் பெயர் 'ஒயிட் டவுன்'. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அது வெள்ளை நகரம், மேற்கே இருந்தது கறுப்பு நகரம். அப்படிப் பேர் வச்சவன் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தைக் கொடுத்துட்டுப் போயிட்டான். எழுபது வருஷத்துக்கு மேலாச்சு. நாம இன்னும் 'ஒயிட் டவுன்' என்று பெருமையா ஆட்டோக்காரரிடம் சொல்லி ஏறுகிறோம். கறுப்பு நகரம் என்ற பெயரை மட்டும் நைசாக விட்டுவிட்டோம். பெயரை விட்டதில் தப்பில்லை, ஊரையே விட்டுட்டோமேங்கிறதுதான் என் வயிற்றெரிச்சல்.

டூரில் கேட்ட முதல் டயலாக், "இந்தத் தெருக்களை நேர்கோட்டில் பிளான் பண்ணியது பிரெஞ்சுக்காரர்கள்". அய்யா, 1693-லிருந்து 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கட்டம் போட்ட தெரு வரைபடம் அவர்கள் காலத்தது. நெசவாளர்களை எங்கே குடியேற்றுவது என்பதுதான் அவர்கள் கவலை. ஏனென்றால் துணி வியாபாரம்தான் இந்த ஊரின் உயிர்நாடி.

ரெண்டாவது டயலாக், "எல்லாம் முந்நூறு வருஷக் கட்டிடம் சார்". 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து, கோட்டையிலிருந்து வெள்ளைக்காரர் வீடுகள் வரை தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு திரும்பக் கட்டியதுதான் நாம் பார்ப்பது. மேரி கட்டிடம் இன்னும் புதுசு. பழைய மேரி 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது, நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். இப்போது நிற்பது 2021-ல் திறந்த மறுகட்டுமானம். அதையும் சேர்த்தே 'முந்நூறு வருஷம்' என்றான் பையன்!

காந்தியைச் சுற்றி நிற்கிற கல்தூண்களை "டெக்கரேஷன்" என்று கடந்து போய்விட்டான். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவந்த தூண்கள். 1750-ல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. கொள்ளை கொண்டுவந்த கல்லைப் பார்த்து அழகு என்கிறோம்.

இதெல்லாம் சின்னத் தப்புகள். விட்டுடலாம். பெரிய தப்பு அந்த 'ஒண்ணும் இல்ல'தான்.

ஒண்ணும் இல்லையா? பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. கீழ்த்தளம் தமிழ் முற்றம், மேல்தளம் பிரெஞ்சு பாணி. டூப்ளேயின் தலைமை துபாஷ் அவர். 1736-லிருந்து 1761-ல் சாகிற வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, குவர்னர் மாளிகை வம்பு, யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தான், எல்லாம் அதில் உண்டு. சென்னை அரசாங்கம் அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. (ஒரு வகையில் பார்த்தா நம்ம எல்லாருக்கும் முன்னோடி அவர்தான். தினம் தினம் எழுதியிருக்கார், ஒரு பின்னூட்டம்கூட வாங்காமல் :-))

அந்த நாட்குறிப்பிலேதான் 1748 செப்டம்பரில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த கதை வருகிறது. ஆங்கிலேயர் முற்றுகை நேரம் பார்த்து, சம்பா கோயில் பக்கத்திலிருந்த ஈஸ்வரன் கோயிலை இடித்தார்கள். அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்கு முயற்சி நடந்தபோது ஊரே திரண்டு, "நாங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போறோம்" என்று கிளம்பியது. கம்பெனிக்காரன் பயந்து பின்வாங்கினான். ஆள் போனால் தறியும் போச்சு, தறி போனால் கப்பலில் ஏற்ற எதுவும் இல்லை. இதை எந்த மதத்துக்காரர் மேலும் இன்றைக்குக் கோபப்படுவதற்காகச் சொல்லவில்லை. இந்த ஊர் யார் உழைப்பில் ஓடியது என்று அன்றைய குவர்னருக்கே தெரிந்திருந்தது, நம்ம கைடுக்குத் தெரியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே கடைத்தெருவில்தான் நயினியப்பப் பிள்ளைக்குச் சவுக்கடி. கம்பெனியின் தலைமைத் தரகர். 1716-ல் கைது செய்து, ஊர் பார்க்க அடித்து, சொத்தைப் பறித்தார்கள். 1717-ல் சிறையிலேயே செத்தார். பிற்பாடு பிரான்சிலிருந்தே அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. வந்து என்ன பயன்?

இன்னொன்று, டூரில் யாரும் சொல்லவே மாட்டார்கள். இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் கப்பல் ஏறவில்லை, ஆளும் ஏறினார்கள். ஏமாற்றியும் கடத்தியும் பிடித்த மனிதர்களை மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். 1743-ஆம் வருஷத்து நாட்குறிப்பில் பிள்ளையே அந்த ஆள்பிடிக்கிற கதையை எழுதியிருக்கிறார். போட்டோவுக்கு நல்லா வரும் என்று நிற்கிறோமே, அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருந்த பணம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று ஒரு வரி சொல்லக் கூடாதா?

நான் கொதிச்ச கொதியில் மாப்பிள்ளையே, "மச்சான், விடுங்க, பாவம் அந்தப் பையன்" என்றார். சரி என்று பையனை டீ குடிக்கக் கூப்பிட்டேன். எந்த ஊர் தம்பி என்றால், முதலியார்பேட்டையாம். தாத்தா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவராம். அதான், 2020-ல் மூடினார்களே, ஏ.எஃப்.டி. மில், அதேதான்.

"ஜூலை முப்பது என்னன்னு தெரியுமா தம்பி?"

"தெரியாமலா சார்? சின்ன வயசுல தாத்தா கூட்டிட்டுப் போவாரு, மாலை போட."

1936 ஜூலை 30. சவானா மில் வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தி 12 தொழிலாளிகள் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம். அதற்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. பையனுக்கு எல்லாம் தெரிகிறது!

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஆபீஸ்ல குடுத்த லிஸ்ட்ல அது இல்ல சார். யாரு கேக்குறாங்க? இதெல்லாம் சொன்னா மூடு போயிடுச்சுன்னு ஸ்டார் கொறச்சுடுவாங்க."

ஆகவே கைடு மேல் எனக்குக் கோபம் இல்லை. லிஸ்ட் போட்டவன் மேல்தான். அதைவிட, காசு கொடுத்து அந்த லிஸ்ட்டைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிற நம்ம மேல்.

"டூரிஸ்ட் பிரெஞ்சு பார்க்கத்தானே வர்றான்" என்று சொல்வீர்கள். காட்டுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. பாண்டிக்காரன் எவனும் பிரெஞ்சு வாடையே வேண்டாம் என்று சொல்ல மாட்டான். எங்கள் ஊரில் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்கள் உண்டு. ரொட்டிக்கடையும் வேணும், வீதிக்கு வீதி அந்தப் பெயரும் இருக்கட்டும். பாதி ஊரைக் காட்டிவிட்டு முழு ஊருக்குக் காசு வாங்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

"அந்தப் பக்கம் பார்க்க அழகா இல்லையே" என்பது அடுத்த சமாதானம். வைசியாள் வீதிக்குப் போங்க. திண்ணையும், அதற்கு முன்னால் மரத்தூண் வைத்து ஓடு வேய்ந்த தாழ்வாரமும் வீட்டுக்கு வீடு. தெருவில் போகிறவனும் வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று வீட்டுக்காரன் கட்டி வைத்த இடம் அது. அந்த வீதியைச் சீரமைத்ததற்கு யுனெஸ்கோவே 2008-ல் விருது கொடுத்தது. எங்கோ பாரிஸில் இருக்கிறவனுக்குத் தெரிந்த அழகு, வாய்க்காலைத் தாண்டாத நமக்குத் தெரியவில்லை. ஒயிட் டவுனில் ஒரு சுவரில் விரிசல் விட்டால் பேப்பரில் வருகிறது. இந்தப் பக்கம் தாழ்வாரத்தை இடித்துவிட்டு ஷட்டர் போட்டால் யாருக்கும் தெரிவதில்லை. பார்க்க யாரும் வராத வீட்டை எவன் செலவு பண்ணிக் காப்பாற்றுவான், சொல்லுங்க?

உலகத்தில் நமக்கு மட்டும்தான் இந்தச் சிக்கலா என்றால் இல்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுத் தலைநகர் லிமா. 1535-ல் பிசாரோ என்ற ஸ்பானியத் தளபதி நிறுவிய நகரம் என்றுதான் அதன் கதையும் தொடங்கும். ஆனால் அவன் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே மண்கல்லால் கட்டிய 'வாக்கா புக்யானா' என்ற பிரமிடு, வசதியானவர்கள் வாழும் மிராஃப்ளோரஸ் பகுதியின் நடுவிலேயே நிற்கிறது. டிக்கெட் வாங்கி, கைடோடு சுற்றிப் பார்க்கலாம். பிசாரோ சிலையை 2003-ல் பிரதான சதுக்கத்தின் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். 2025 ஜனவரியில் சதுக்கத்துக்குக் கிட்டவே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். எடுத்தபோதும் சண்டை, வைத்தபோதும் சண்டை. சண்டை போடுகிறான் என்றால் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே டூப்ளே சிலைக்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறோம், அவர் யாரென்றே கேட்காமல்.

நமக்கும் ஒரு வாக்கா புக்யானா உண்டு, அரிக்கமேடு! என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு வியாபாரம் செய்த ஊர் என்று உலகத்துக்குக் காட்டிய இடம். ரோமானிய மண்பாண்டம், மது ஜாடித் துண்டுகள், மணி செய்த பட்டறைகள். பிரெஞ்சுக்காரன் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு வருஷம் முன்பே இந்த ஆற்றங்கரைக்குக் கப்பல் வந்திருக்கிறது. தினமும் டூரிஸ்ட் வேன்கள் அரியாங்குப்பத்தைத் தாண்டி எங்கள் ஊர் போட் ஹவுசுக்கு வரிசையாக வருகின்றன. அரிக்கமேட்டுப் பக்கம் எத்தனை வேன் திரும்புகிறது என்று நினைக்கிறீர்கள்?

மறுநாள் மருமகளை நானே கூட்டிக்கொண்டு போனேன். மார்க்கெட், பிள்ளை வீட்டு வாசல், வைசியாள் வீதி, பாரதி 1908-லிருந்து பத்து வருஷம் தஞ்சமிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. திரும்பி வரும்போது மில் வாசலில் பைக்கை நிறுத்தி ஜூலை முப்பது கதையைச் சொன்னேன். குழந்தை போர் அடிச்சுதுன்னு சொல்லுமோ என்று பயம்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் கோயம்புத்தூர் போய் ஃபிரண்டுகளிடம் சொன்னது அந்தத் திண்ணையைத்தானாம். தங்கச்சி போன் பண்ணிச் சொன்னாள்.

திட்டிட்டு மட்டும் போனால் நல்லா இருக்காது. அதனால் ஒரு அறிவிப்பு. புதுவைப் பதிவர்களும், இந்தப் பக்கம் வருகிற வெளியூர்ப் பதிவர்களும் கவனிக்க: அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணி, பெரிய மார்க்கெட் வாசல். வாய்க்காலுக்கு அந்தாண்ட ரெண்டு மணி நேரம் நடக்கிறோம். கட்டணம் கிடையாது, டீ மட்டும் அவரவர் செலவு. நான் சொல்வதில் தப்பு இருந்தால் அங்கேயே திட்டலாம், வரவேற்கப்படும். வர்றவங்க பின்னூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்க.

டிஸ்கி: அந்தக் கைடு தம்பியையும் கூப்பிட்டிருக்கேன். "லீவு கிடைச்சா கண்டிப்பா வர்றேன் சார்" என்றான். மில் கதையை அவன் வாயால் கேட்கணும் என்று ஆசை. ஸ்டாரை நாம போட்டுக்கலாம்.