மலை வீட்டுக்கு எந்த சிம்?



சென்ற இதழில் சளிக்குக் கஷாயம் எழுதினேன். இந்த முறை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். செல்போன் சமாசாரம் என்றாலே "அதெல்லாம் அவர் பாடு, பிள்ளைகள் பாடு" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் காஸ் புக் பண்ணுவது யார்? ரேஷன் கடை மெசேஜ், மகளிர் உரிமைத் தொகை மெசேஜ், பள்ளிக்கூட மெசேஜ், பாங்கு ஓ.டி.பி. இதெல்லாம் யார் போனுக்கு வருகிறது? ஆகவே வீட்டில் எந்தக் கம்பெனி சிம் இருக்க வேண்டும் என்பதும் நம் இலாகாதான்.

எங்கள் வீடு கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு சரிவில் இருக்கிறது. மூன்று மாதமாக வீட்டில் ஒரே பட்டிமன்றம். கோவையில் படிக்கும் மகன், "அம்மா, எல்லோரும் 5ஜிக்குப் போயாச்சு. நீங்க இன்னும் பழசையே கட்டிக்கிட்டு அழறீங்க" என்கிறான். அவன் அப்பாவுக்கோ இருபது வருஷ நம்பர், இருபது வருஷக் கம்பெனி. மாற்றுவதென்றால் வீட்டை விற்கச் சொன்ன மாதிரி முகம் போகிறது. (நம்பர் மாறாது என்று பத்துத் தடவை சொல்லியாச்சு. 2011 ஜனவரியிலிருந்தே நாடு முழுவதும் நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றலாம்.) குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், குடை நட்டு சிம் விற்கிற பையன்கள் "அக்கா, இன்னைக்கே மாத்திடுங்க, ஆஃபர் முடியுது" என்று விடுவதில்லை.

எனக்கு ஆஃபர் முக்கியமில்லை. என் மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி இழுப்பு வந்துவிட்டது. கரண்ட் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. டவர் பாட்டரியும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, போனில் ஒரு கோடு கூட இல்லை. அவருக்கு அன்று டீ ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட். நான் குடையும் டார்ச்சுமாக மேல் ரோட்டு வளைவு வரை ஏறிப் போய்த்தான் 108-ஐக் கூப்பிட்டேன். அத்தை பிழைத்துக்கொண்டார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்கு வந்த யோசனைதான் இது: மலையில் இருக்கிற நமக்கு எதைப் பார்த்து சிம் எடுப்பது?

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். டவர் என்பது விளக்கு மாதிரி. வெளிச்சம் நேராகத்தான் போகும். நடுவில் மலை நின்றால் இந்தப் பக்கம் நிழல். ஊட்டி சேரிங்கிராசில் ஒரு கம்பெனி பிரமாதமாக எடுக்கிறது என்பதற்காக நம் வீட்டுக் கட்டிலில் எடுக்கும் என்று அர்த்தமில்லை. பக்கத்து வீட்டில் எடுப்பது கூட நமக்கு எடுக்காமல் போகலாம், அவர்கள் வீடு மேட்டில் இருந்தால்.

இன்னொன்று, அலையிலும் ரகம் உண்டு. ஊர்த் திருவிழாவில் மேளச் சத்தம் அடுத்த சரிவு வரை கேட்கும், ஜால்ரா சத்தம் தெருமுனையோடு நின்றுவிடும், இல்லையா? அதே கதைதான். 700, 900 மெகாஹெர்ட்ஸ் என்கிற தாழ்ந்த அலைகள் தூரம் போகும், சுவருக்குள்ளும் ஓரளவு நுழையும். 5ஜியின் வேகத்துக்குப் பெரும்பாலும் உபயோகிப்பது 3300-க்கு மேற்பட்ட அலை. வேகம் ஜாஸ்தி, தூரம் குறைச்சல். 2022-இல் நடந்த ஏலத்தில் 700-ஐ எடுத்தது ஜியோ மட்டும்தான். அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதிதான் நம் நாட்டில் 5ஜி ஆரம்பமானது. பி.எஸ்.என்.எல்.லின் சுதேசி 4ஜியை 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி தொடங்கி வைத்தார்கள். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றியபோது பலர் பி.எஸ்.என்.எல்.லுக்குத் தாவினார்கள், ஞாபகம் இருக்கலாம். இவற்றில் எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுச் சுவரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் விதம் இது. நம்பரை மாற்றுவதற்கு முன்னால், மாற நினைக்கும் கம்பெனியில் ஒரு புது ப்ரீபெய்டு சிம் தனியாக வாங்கி, போனில் இரண்டாவது சிம் இடத்தில் போட்டுவிடுங்கள். ஒரு மாத ரீசார்ஜ் செலவு, அவ்வளவுதான். நான் பத்து நாள் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்தேன்: அடுப்படி, மாமியார் கட்டில், குளியலறை, காரட் தோட்டத்துக் கோடி. காலையில் ஒரு தடவை, ஊரே வீடியோ பார்க்கிற ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை, மூடுபனியிலும் மழையிலும், கரண்ட் போன பிறகு ஒவ்வொரு மணிக்கும். கோடு எத்தனை என்று பார்த்தால் போதாது, போன் போட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். நாலு கோடு காட்டிவிட்டுப் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதும் உண்டு.

எங்கள் வீட்டில் என்ன தெரிந்தது தெரியுமா? புதுசு திண்ணையில் பறக்கிறது, மகன் வந்தால் அங்கேதான் உட்காருவான். அத்தை கட்டிலில் சுத்தமாக இல்லை. பழசு வேகத்தில் ஆமை, ஆனால் அடுப்படி ஜன்னலில் எப்போதும் ஒரு கோடாவது நிற்கிறது. கரண்ட் போனால் பழசு முதலில் படுத்துவிடுகிறது. புதுசு இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தாங்கியது.

அப்புறம் அத்தையின் பட்டன் போன். இதைப் பலர் யோசிப்பதில்லை. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் ஆரம்பத்திலிருந்தே 2ஜி, 3ஜி கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன் வேண்டும். எண்பது வயதில் அத்தைக்குப் புதுப் போன் பழக்குவதற்குள் எனக்கு மூச்சிரைப்பு வந்துவிடும்! அவர் போனைத் தொடுவதில்லை என்று முடிவு. பெரியவர்களுக்கு நெட் சேர்த்த ரீசார்ஜ் எதற்கு? பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் மகன் நம்பர் மட்டும் மாறியது. ஆதார், காஸ், பாங்கு எல்லாம் கட்டிக்கிடக்கிற என் நம்பர் பழைய இடத்திலேயே இருக்கிறது. சோதனைக்கு வாங்கின சிம்மும் என் போனிலேயே இரண்டாவதாக இருக்கிறது. மலை வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனியில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. 90 நாள் தொடாமல் விட்டால் இணைப்பை வெட்டிவிடலாம் என்று விதி இருப்பதால், அமாவாசைக்கு அமாவாசை அதிலிருந்து என் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவேன்.

இந்தக் கட்சிக்கு ஒரு காரணம் உண்டு. ஏர்செல்லை மறந்திருக்க மாட்டீர்கள். 1999-இல் நம் தமிழ்நாட்டிலேயே பிறந்த கம்பெனி, சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையிலெல்லாம் பெயர் இருந்தது. 2018 பிப்ரவரியில் திடீரென்று சிக்னல் அறுந்தது; அந்த மாதக் கடைசியில் திவால் மனு. வேறு கம்பெனிக்கு மாற 1900-க்கு மெசேஜ் போக வேண்டும், அந்த மெசேஜ் போகவே சிக்னல் இல்லாமல் தமிழ்நாடு முழுக்க ஜனங்கள் கடை வாசலில் நின்றார்கள். வீட்டில் எல்லாருக்கும் அதே சிம் என்றிருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்?

வீட்டில் ஃபைபர் நெட் இருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. போன் செட்டிங்கில் 'வைஃபை காலிங்' என்று இருக்கிறதா பாருங்கள். ஏர்டெல், ஜியோ இரண்டிலும் இந்த வசதி உண்டு. டவர் எடுக்காத கல் வீட்டுக்குள்ளும் நெட் வழியாகச் சாதாரண போன் பேசலாம். கரண்ட் போனால் அந்தப் பெட்டியும் அணைந்துவிடும், அதற்கென்று சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. நம் சிம்முக்கு மட்டும் சிக்னல் இல்லாமல் வேறு கம்பெனி டவர் எட்டினால், அவசரத்துக்கு 112 போடலாம், அதன் வழியாகப் போகும்.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டால்: PORT என்று அடித்து, இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும், நாலு நாள் செல்லும். அதோடு ஆதாரை எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனி கடைக்குப் போக வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பணம் கூட வராது, ஆகவே ரீசார்ஜ் முடிகிற வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீட்டைப் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நம்பரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தமிழ்நாட்டுக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய சிம் செத்துப் புதுசு உயிர் வருவதற்கு நடுவே சில மணி நேரம் போன் ஊமையாக இருக்கும். பிறந்த வீட்டுக்கு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் விடிகிற முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கிவிடுவார்!