ஸ்பீக்கர் வாங்கும் முன் காதைக் காட்டுங்கள்

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "சார், நீங்க டெலிபோன்ஸ்ல இருந்தவர். வீட்ல பாட்டு கேக்க விலை கம்மியா, ஆனா நல்லதா ஒரு ஸ்பீக்கர் சொல்லுங்களேன். பையன் சவுண்ட் பார் வாங்குங்கறான், மாப்பிள்ளை ஹோம் தியேட்டர் வாங்குங்கறார். எனக்கு ஒண்ணும் புரியலை." பூங்காவை மூன்று சுற்று சுற்றியும் என் பதில் முடியவில்லை. நாலாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்குத் தொண்டை வறண்டது. வீட்டுக்குப் போய் எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன். எழுதிவிட்டேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்கும் நம் பென்ஷனுக்கும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை, அதற்குக் கீழேயும் இறங்க வேண்டாம். ஆனால் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை நான் கடைசியில்தான் செய்தேன்.

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்பது ஒரு முழம் உயரம்கூட இல்லாத மரப்பெட்டி. கீழே 5 அல்லது 6 அங்குல ஊஃபர், மேலே ஓர் அங்குல ட்வீட்டர். உள்ளே இருக்கும் க்ராஸ் ஓவர் என்ற சின்ன சர்க்யூட், கனமான ஒலியைக் கீழேயும் மெல்லிய ஒலியைக் மேலேயும் பிரித்து அனுப்பும். இவ்வளவுதான். சின்னதாக இருக்கிறதே என்று இளக்காரம் வேண்டாம். 1970களில் பிபிசிக்காரர்கள் வெளி ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ். 3/5ஏ என்று ஒரு ஸ்பீக்கர் செய்தார்கள். 12 அங்குல உயரம்தான். பேச்சும் பாட்டும் அதில் உள்ளபடி கேட்கும் என்று இன்றைக்கும் பழைய ஜோடிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் சங்கீதத்துக்கு இது போதுமா என்று கேட்பீர்கள். ஒரு கட்டை சுருதியில் பாடுபவருக்கு ஆதார ஷட்ஜம் 130 ஹெர்ட்ஸ் சுமாருக்கு வரும். தம்பூராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, அதாவது 65. ஒரு நல்ல சின்ன ஸ்பீக்கர் ஏறக்குறைய அந்த இடம் வரை இறங்கும். மிருதங்கத்தின் தொப்பி 'தொம்' என்று விழுவது கேட்கும். செல்போனில் பாட்டு கேட்கும்போது அந்த 'தொம்' நம் ஞாபகத்தில்தான் விழுகிறது, காதில் விழுவதில்லை. தரையை அதிர வைக்கும் சப் ஊஃபர் சினிமா வெடிச் சத்தத்துக்கு வேண்டுமானால் வேண்டும். கீழ் வீட்டுக்காரரோடு சண்டை போடவும் உதவும்.

அடுத்தது வாட். இதில் ஏமாந்த தலைமுறை நம்முடையது. கையளவு டூ-இன்-ஒன்னில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கணக்குக்கு ஒரு முறையும் கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அதைவிட முக்கியமானது, சென்சிடிவிட்டி என்று டெசிபலில் போட்டிருக்கும் எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எவ்வளவு சத்தம் என்பதுதான் அது. 85 முதல் 89 வரை சாதாரணம். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காது நினைப்பதற்கு 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் நாம் கேட்கும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்தான் செலவாகிறது. 30 வாட் ஆம்ப்ளிஃபயர் தாராளம்.

சவுண்ட் பார் ஏன் வேண்டாம் என்கிறேன்? டிவி செய்திக்கும் சீரியலுக்கும் அது நல்ல பொருள்தான். பாட்டுக்கு இரண்டு பெட்டி, நடுவில் ஆறேழு அடி இடைவெளி வேண்டும். 1978-ல் வந்த 'ப்ரியா' படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை. இரண்டு பக்கமும் பிரித்துக் கேட்டால்தான் இளையராஜா எந்த வாத்தியத்தை எங்கே உட்கார வைத்திருக்கிறார் என்று தெரியும். ஐம்பது, அறுபதுகளின் பாட்டெல்லாம் மோனோதானே என்பீர்கள். அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. மோனோ பாட்டைப் போட்டால் குரல் இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில், சுவரிலிருந்து வருவது போல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காமல் குரல் பரவி, அடித்தொனி வற்றிக் கிடந்தால், ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். காசு செலவில்லாத பரிசோதனை.

வாங்குவதில் இரண்டு வகை உண்டு. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது ஒன்று, தனியாக வாங்கி இணைப்பது இன்னொன்று. முதல் வகை சுலபம், விலையும் குறைவு. எடிஃபையர் என்ற சீனக் கம்பெனியின் பெட்டிகள் இதில் பிரபலம். ஆனால் உள்ளே சர்க்யூட் போனால் பெட்டியும் சும்மா. இரண்டாவது வகையில் ஆம்ப்ளிஃபயர் போனாலும் ஸ்பீக்கர் பிழைத்துக் கிடக்கும். வார்ஃப்டேல் டயமண்ட் வரிசை 1980களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. போல்க், டாலி, கியூ அகௌஸ்டிக்ஸ், நம் கொல்கத்தாவின் சோனோடைன் என்று கேட்டுப் பார்க்க நிறைய உண்டு. எதை வாங்கினாலும் ஊஃபர் கூம்பின் விளிம்பு ரப்பரா என்று பாருங்கள். 1986-ல் ரிச்சி தெருவில் ஊஃபர் வாங்கி, ஆசாரியை வைத்துப் பெட்டி செய்து, பத்து வருடம் பெருமையடித்தவன் நான். ஒருநாள் விளிம்பில் இருந்த நுரை தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் நுரை தாங்காது.

இத்தனையும் தெரிந்த நான்தான் ஒரு ஆடியோ கடையில் தலை குனிந்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

வீட்டில் இருந்த பழைய செட் இரண்டு வருடமாக மந்தமாகக் கேட்பதாக எனக்கு ஒரு குறை. பாட்டில் பளிச்சென்று ஒன்றும் இல்லை, வயலின் பின்னால் போய்விட்டது என்று ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனேன். என் மனைவியும் முன்போல் ஹாலில் வந்து உட்காருவதில்லை. பிள்ளைகள் வெளியூர் போனபின் அவளுக்குப் பாட்டில் நாட்டம் விட்டுப்போச்சு என்று நானே முடிவு செய்துகொண்டேன். புது ஸ்பீக்கர் வாங்கினால் செட்டும் சரியாகும், அவளும் வந்து உட்காருவாள் என்று அவளையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைப் பையன் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். ஒன்று 18,000, மற்றது 32,000. பாட்டு, எம்.எஸ். அம்மாவின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்று. எனக்கு 32,000 ரூபாய் ஜோடி கணீரென்று இருந்தது. காசுக்கேற்ற தோசை என்று பர்ஸை எடுத்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "வேண்டாங்க. இது காதைக் குத்துது. அதுதான் நல்லா இருக்கு. அதுல தம்பூரா கேக்குது" என்றாள்.

"தம்பூராவா? எதுலயும் தம்பூரா கேக்கலையே" என்றேன் நான்.

பையன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டான். மறுபடி போடச் சொன்னேன். குரல் கேட்டது, மிருதங்கம் கேட்டது. ஜீவாளி நூல் எழுப்பும் அந்த ரீங்காரம், சின்ன வயதில் எங்கள் ஊர் பஜனை மடத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட அந்த ரீங்காரம், இரண்டு ஜோடியிலும் எனக்கு இல்லை.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் சொன்னாள். "ரெண்டு வருஷமா நீங்க ஏத்தி வைக்கறது எனக்குத் தாங்கலைங்க. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு நான் எழுந்து உள்ள போயிடுவேன்." நாட்டம் விட்டுப்போனது அவளுக்கு இல்லை. ஹாலை விட்டு அவளை நான்தான் விரட்டியிருக்கிறேன்.

மறுவாரம் காது பரிசோதனைக்குப் போனேன். ஹெட்போன் மாட்டி 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்து என்கிறார்கள். வலி இல்லை, அரை மணி வேலை. என் ஆடியோகிராமில் கோடு 1000 வரை ஒழுங்காகப் போய், 2000-க்கு மேல் சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. 4000-ல் 55 டெசிபல் நஷ்டம். 34 வருடம் டெசிபல் என்ற சொல் எனக்குச் சோறு போட்டது. டெலிபோன் லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். பேச்சு புரிய அது போதும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இப்போது என் காதே ஒரு டெலிபோன் லைன் ஆகிவிட்டது. அதனால்தான் பேச்சில் பெரிய குறை தெரியவில்லை, பாட்டில் தெரிந்தது. அதையும் செட்டின் தலையில் போட்டுவிட்டேன்.

வயதானால் மேல் சுருதிகள்தான் முதலில் போகும். மெதுவாகப் போவதால் போவது தெரியாது. கீச்சென்று கத்தும் ஸ்பீக்கர் எனக்குக் கணீரென்று பட்டதற்குக் காரணம் அதுதான். அந்த 32,000 ரூபாயைக் கொடுத்திருந்தால், என் காதின் பழுதுக்குத் தோதான ஒரு பெட்டியை வாங்கி, அவளுக்கு நிரந்தரமாக ஹாலை மூடியிருப்பேன்.

காது போனவனுக்கு எதற்கு நல்ல ஸ்பீக்கர், செல்போனே போதாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்கிற கொஞ்சத்தையும் தகரப் பெட்டியில் போட்டுக் கெடுத்துக்கொள்வானேன்? அதோடு, வீட்டில் நாம் ஒருத்தர் மட்டும் இல்லை. காதின் குறையைக் காதில் சரி செய்ய வேண்டும். ஸ்பீக்கரில் சரி செய்யப் போனால் பக்கத்தில் இருப்பவர் தண்டனை அனுபவிப்பார்.

18,000 ரூபாய் ஜோடியையே வாங்கினோம். மிச்சப்பட்ட பணம் காதுக் கருவிக் கணக்கில் சேர்ந்தது. கருவி மாட்டிய முதல் வாரம் சங்கீதம் தகர டப்பாவைத் தட்டினாற்போல் இருந்தது. பேச்சுக்குச் செய்யும் அமைப்பு பாட்டுக்கு ஒத்து வராது. பாட்டுக்கென்று தனி ப்ரோக்ராம் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டேன், வைத்துக் கொடுத்தார்கள். தம்பூரா இப்போது கேட்கிறது. திண்ணையில் கேட்ட அளவுக்கு இல்லை. ஆனால் இருக்கிறது.

வைக்கும் இடம் பற்றி நாலு வார்த்தை. ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு திணிக்காதீர்கள். பீரோ மேல் ஏற்றாதீர்கள். உட்கார்ந்தால் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டு பெட்டியும் உங்கள் நாற்காலியும் முக்கோணமாக அமையட்டும். பின்னால் துவாரம் இருந்தால் சுவரை விட்டு ஓர் அடி தள்ளி வையுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும்; தரையில் ஒரு பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாலே பாதி சரியாகும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சாதாரணச் செம்பு வயர் போதும். கரண்ட் போனபோது மட்டும் ஸ்பீக்கர் உர்ரென்று உறுமினால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும்.

ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. முதலில் காதைக் காட்டுங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு இரண்டை எடுத்துக்கொண்டு. முக்கியமாக வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். எந்த ஜோடி என்று அவர் சொல்லட்டும், பணத்தை நீங்கள் கொடுங்கள்.