துனீசியா: நடுவர் இல்லாத மக்களாட்சி

துனீசியாவில் 2024 அக்டோபர் 6-ஆம் தேதி நடைபெற்ற அதிபர் தேர்தலில் கைஸ் சையீத் 90 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று மீண்டும் வெற்றி பெற்றார். ஆனால், வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 29 பேர்கூட இல்லை. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட இருவரில் ஒருவர் சிறையில் இருந்தார். விலக்கி வைக்கப்பட்ட மூவரை வேட்பாளர் பட்டியலில் சேர்க்குமாறு நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது. தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. வாக்குப்பதிவுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமே அந்த நீதிமன்றத்திடமிருந்து பறிக்கப்பட்டது.

அரபு நாடுகளின் மக்கள் எழுச்சிகளில் இருந்து முளைத்து நிலைத்த ஒரே மக்களாட்சி என்று பத்தாண்டுகள் போற்றப்பட்ட நாடு இது. எகிப்தில் 2013-இல் ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. லிபியா, சிரியா, யேமன் ஆகிய நாடுகள் உள்நாட்டுப் போரில் சிதைந்தன. துனீசியா மட்டும் தேர்தல், ஆட்சி மாற்றம், புதிய அரசமைப்பு என்று அமைதியான வழியில் நடந்தது. அந்த நாடும் தடம் புரண்டது ஏன்? அரபு சமூகங்களுக்கு மக்களாட்சி ஒத்துவராது என்பது சிலர் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை. அந்தப் பத்தாண்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நாட்டின் உட்பகுதியில் உள்ள சிதி பூசித் நகரில், தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது புவாசிசி, பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டதால் மனம் நொந்து 2010 டிசம்பர் 17 அன்று தீக்குளித்தார். நான்கு வாரங்களில், 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி சவூதி அரேபியாவுக்குத் தப்பியோடினார். 2011 அக்டோபரில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தா 217 இடங்களில் 89-ஐப் பிடித்து முதலிடம் பெற்றது.

2013-இல் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பெலாயிதும், சபை உறுப்பினர் முகமது பிராஹ்மியும் சில மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நாடு எகிப்தின் வழியில் சென்றுவிடும் என்ற அச்சம் எழுந்தது. அப்போது பொதுத் தொழிலாளர் சங்கம், தொழில் அதிபர்கள் கூட்டமைப்பு, மனித உரிமைக் கழகம், வழக்குரைஞர் சங்கம் ஆகிய நான்கும் இணைந்து கட்சிகளைப் பேச்சுவார்த்தைக்கு அமர்த்தின. என்னஹ்தா ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகச் சம்மதித்தது. 2014 ஜனவரியில் 200 உறுப்பினர்களின் ஆதரவுடன் புதிய அரசமைப்புச் சட்டம் நிறைவேறியது. அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. விட்டுக்கொடுக்கவும் பேசித் தீர்க்கவும் அந்தச் சமூகத்துக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிழை அதற்குப் பிறகு நேர்ந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நடந்த ஓராண்டுக்குள் அரசமைப்பு நீதிமன்றம் அமைக்கப்பட வேண்டும் என்று 2014 அரசமைப்பு கூறியது. அதன் 12 உறுப்பினர்களில் நால்வரை நாடாளுமன்றமும், நால்வரை உச்ச நீதித்துறைக் குழுவும், நால்வரை அதிபரும் தேர்வு செய்ய வேண்டும். முதலில் தேர்வு செய்ய வேண்டிய நாடாளுமன்றத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்றில் இரு பங்கு ஆதரவு, அதாவது 145 வாக்குகள் தேவை. கட்சிகள் தத்தம் விருப்பத்துக்கு உரியவரை முன்னிறுத்தி அடுத்தவரின் தேர்வை முடக்கின. 2018-இல் ஒரே ஒருவர் தேர்வானார். எஞ்சிய மூவர் கடைசி வரை தேர்வாகவில்லை. அமைச்சர் பதவிகளைப் பங்கிட்டுக் கொள்வதில் உடன்பட முடிந்த கட்சிகளால், தங்களுக்கு மேலே ஒரு நடுவரை அமர்த்துவதில் உடன்பட முடியவில்லை.

2021-இல்தான் நாடாளுமன்றம் விழித்துக் கொண்டது. தேவையான வாக்குகளை 131 ஆகக் குறைத்துச் சட்டம் இயற்றியது. அரசமைப்புச் சட்டப் பேராசிரியராக இருந்து 2019-இல் அதிபரான கைஸ் சையீத், கெடு முடிந்துவிட்டது என்று காரணம் கூறிக் கையொப்பமிட மறுத்தார். அதே ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி பிரதமரைப் பதவி நீக்கி, நாடாளுமன்றத்தை முடக்கினார். அதற்கு அவர் சுட்டிக்காட்டியது அரசமைப்பின் 80-ஆவது பிரிவு.

உடனடி ஆபத்து நேரும்போது அதிபர் சிறப்பு நடவடிக்கை எடுக்க அப்பிரிவு இடமளித்தது. ஆனால், அந்தக் காலத்தில் நாடாளுமன்றம் தொடர்ந்து கூடியிருக்க வேண்டும் என்றும் அது கூறியது. முப்பது நாள்களுக்குப் பிறகு, ஆபத்து இன்னும் நீடிக்கிறதா என்று தீர்ப்பளிக்குமாறு அவைத் தலைவரோ 30 உறுப்பினர்களோ அரசமைப்பு நீதிமன்றத்தை நாடலாம் என்றும் கூறியது. நாடாளுமன்ற வாயிலை ராணுவ வாகனம் மறித்து நின்றது. நாடிச் செல்வதற்கு நீதிமன்றமும் இல்லை. அதிபர் ஒரு சொல்லுக்குத் தந்த விளக்கம் சரியா, தவறா என்று கூறும் அதிகாரம் பெற்ற ஒருவர்கூட அந்த நாட்டில் அப்போது இல்லை.

ஆனாலும், நீதிமன்றம் இல்லாததை மட்டும் வைத்து அந்த இரவை விளக்கிவிட முடியாது. நாடாளுமன்றம் மூடப்பட்டபோது துனிஸ் நகரத் தெருக்களில் மக்கள் திரண்டு கொண்டாடினர். கரோனா மரணங்கள் உச்சத்தில் இருந்த நேரம் அது. அதைவிட ஆழமான காரணம், புரட்சியைத் தொடங்கிவைத்த உட்பகுதி மாவட்டங்களுக்குப் புரட்சி எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்பது.

துனிஸ், சூஸ், ஸ்ஃபாக்ஸ் போன்ற கடலோர நகரங்களில் தொழிலும் சுற்றுலாவும் குவிந்திருக்க, சிதி பூசித், கஸ்ரீன், கஃப்ஸா போன்ற பகுதிகள் காலங்காலமாகப் பின்தங்கியே இருந்தன. கஃப்ஸாவின் பாஸ்பேட் சுரங்கப் பகுதியில், வேலைக்கு ஆள் எடுத்ததில் முறைகேடு என்று 2008-இலேயே மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. புரட்சிக்குப் பிறகு கருத்துச் சுதந்திரம் வந்தது, வேலை வரவில்லை. 2010-இல் 80 லட்சம் டன்னாக இருந்த பாஸ்பேட் உற்பத்தி, வேலை கேட்டு நடந்த மறியல்களாலும் நிர்வாகச் சீர்கேட்டாலும் பின்னர் பாதிக்கும் கீழே சரிந்தது. புரட்சிக்கு முன்பு 13 சதவீதமாக இருந்த வேலையின்மை, அடுத்த பத்தாண்டுகளில் 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோதான் நின்றது.

அரபு நாடுகளில் மக்கள் கருத்தைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் 'அரபு பாரோமீட்டர்' என்ற ஆய்வு அமைப்பு 2021-22-இல் நடத்திய கணிப்பு இங்கே கவனிக்கத்தக்கது. மக்களாட்சியில் பொருளாதாரம் பலவீனமாகவே இருக்கும் என்ற கருத்தைப் பல நாடுகளில் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டனர். குறைகள் இருந்தாலும் மற்ற ஆட்சிமுறைகளைவிட மக்களாட்சியே மேல் என்றும் அதே மக்களில் பெரும்பான்மையோர் கூறினர். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவர்கள் வெறுத்தது மக்களாட்சியை அல்ல, பலன் தராத ஆட்சியாளர்களை என்பது விளங்கும்.

வலிமையான ஒருவர் வந்தால் விலைவாசியும் வேலையும் சீராகும் என்ற நம்பிக்கை நிறைவேறியதா? பன்னாட்டு நிதியத்துடன் 2022-இல் முதற்கட்டமாக ஒப்புக்கொள்ளப்பட்ட 190 கோடி டாலர் கடனை மறுநாட்டுக் கட்டளை என்று சையீத் ஒதுக்கினார். மானியக் குறைப்பு ஏழைகளைத் தாக்கும் என்ற அவரது வாதத்தில் நியாயம் உண்டு. மாற்றுத் திட்டம் எது என்பதற்குத்தான் விடை இல்லை. ஆனால், அடக்குமுறை மட்டும் தடையின்றி நடந்தது. 2022-இல் நீதித்துறைக் குழு கலைக்கப்பட்டது. 57 நீதிபதிகள் நீக்கப்பட்டனர். பொய்ச் செய்தி பரப்புவோருக்கு ஐந்தாண்டுச் சிறை என்ற ஆணை செய்தியாளர்கள் மீது பாய்ந்தது. என்னஹ்தா தலைவர் ரஷீத் கன்னூஷி 2023-இல் கைதானார். 2025 ஏப்ரலில், சதி வழக்கு ஒன்றில் எதிர்க்கட்சியினர் உள்ளிட்டோருக்கு நீண்ட காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கொண்டாடிய மக்களில் பலர் வாக்குச்சாவடிக்கு வராததில் வியப்பில்லை.

இந்த அனுபவம் துனீசியாவோடு முடிந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்த சிரியா இப்போது அதே தொடக்கப் புள்ளியில் நிற்கிறது. 2025 மார்ச்சில் இடைக்கால அதிபர் அகமது அல்-ஷரா கையொப்பமிட்ட அரசமைப்புப் பிரகடனம், ஐந்தாண்டு இடைக்காலத்தை வகுத்துள்ளது. அதன்படி, உச்ச அரசமைப்பு நீதிமன்றத்தின் ஏழு உறுப்பினர்களையும் நியமிப்பவர் அதிபரே. துனீசியாவில் நடுவரை அமர்த்தாமல் விட்டார்கள். சிரியாவில் ஆட்டக்காரரே நடுவரைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டின் விளைவும் வேறாக இருக்க வாய்ப்பு குறைவு.

சர்வாதிகாரி ஓடிய நாளையும், முதல் தேர்தல் நடந்த நாளையும் வைத்தே உலகம் ஒரு நாட்டின் மாற்றத்தை அளக்கிறது. சிரியாவுக்கு உதவ முன்வரும் நாடுகளும் நிதி அமைப்புகளும் இனி வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அதிபரின் ஆணையைச் செல்லாது என்று கூறக்கூடிய நீதிமன்றம் அமைந்துவிட்டதா? தலைநகரில் இருந்து தொலைவில் வாழும் இளைஞனுக்கு வேலை கிடைத்ததா? துனீசியாவில் இவ்விரண்டுக்கும் பத்து ஆண்டுகள் அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் வீணானதன் விலையை இன்று அந்நாட்டுச் சிறைகளில் இருப்பவர்கள் செலுத்திக் கொண்டிருக்கிறார்கள்.