சொல் முந்தும், தோட்டா பிந்தும்!

செவ்வாப்பேட்டையில் மின்வண்டி ஏறினேன், சென்னை நோக்கி. எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், கையிலே செய்தித்தாள். அமெரிக்காவில், மினியாபொலிஸ் நகரில், 2026 சனவரித் திங்களில், குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்ற வந்த ஆயுதக் காவலர் சுட்டதில் இருவர் மாண்டனரே, அந்தச் செய்தியின் தொடர்ச்சியைப் படித்துக்கொண்டிருந்தார். "சட்டத்தை மறித்தால் சுடத்தான் செய்வான். இதிலே என்ன தவறு?" என்றார், என்னைப் பார்த்து.

திருநின்றவூரில் வண்டி நின்றது. தோளிலே மூட்டை, கையிலே தலைக்கவசம், கண்ணிலே தூக்கம் - வடபுலத்துத் தொழிலாளர் நால்வர் ஏறினர். பெரியவர் தாளை மடித்தார். "இவர்களுக்கும் அந்த வைத்தியந்தான் சரி" என்றார்.

அந்த நால்வர் என்ன செய்தனர்? டிக்கெட் எடுத்தனர், ஏறினர், ஓரமாக நின்றனர். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்! ஆனால் பெரியவரின் நாவிலே தீர்ப்பு தயாராக இருந்தது. மினியாபொலிசுக்கும் திருநின்றவூருக்கும் இடையே கடல்கள் கிடக்கின்றன. ஒரே சொல் அவற்றை ஒரு நொடியில் தாண்டிவிட்டது: 'அந்நியன்'.

மினியாபொலிசில் மாண்ட இருவரும் அந்நியரா என்றால், அதுவும் இல்லை. இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். ஒருவர் காரிலே இருந்த பெண். மற்றொருவர் மருத்துவமனையிலே நோயாளிகளைக் காத்துவந்த செவிலியர். பெண் மாண்ட அன்றே, விசாரணை தொடங்குமுன்பே, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமையிலிருந்து சொல் பறந்து வந்தது: 'உள்நாட்டுப் பயங்கரவாதம்'! வழியில் நின்றவர்கள் எடுத்த படங்கள் வேறு கதை கூறின. ஆனால் சொல் முந்திக்கொண்டது.

இந்தக் கதை நமக்குப் புதிதா, தோழர்களே? 1941ஆம் ஆண்டைத் திருப்பிப் பாருங்கள். மலாயா, கிள்ளான் வட்டாரம், ரப்பர்த் தோட்டம். பால் வெட்டியவன் தமிழன், பாம்புக்கும் கொசுவுக்கும் பலியானவன் தமிழன். என்ன கேட்டான் அவன்? சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி கேட்டான். கொடுமை செய்யும் கங்காணிகளையும் கிராணிகளையும் மாற்றக் கேட்டான். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடக் கேட்டான். பெண்களிடம் வரம்பு மீறுவதை நிறுத்தக் கேட்டான். இன்னொன்றும் கேட்டான் - சைக்கிளில் போகும்போது துரை எதிர்ப்பட்டால் இறங்கி நிற்கவேண்டுமென்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டான்! கூலி உயர்வைக்கூட ஒருவேளை தந்திருப்பார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்றானே, அதைத்தான் துரைத்தனத்தால் தாங்க முடியவில்லை என்று தோன்றுகிறது எனக்கு. இங்கே மேல்சாதித் தெருவிலே செருப்பைக் கையில் ஏந்தி நடந்தவனின் பேரன் அல்லவா அவன்! கடல் கடந்த பிறகாவது காலிலே செருப்பு இருக்கட்டும் என்று எண்ணினான்.

துரைத்தனம் என்ன சொல்லிற்று? இது கூலிச் சச்சரவல்ல, வெளியிலிருந்து புகுந்த அரசியல் கலகம் என்றது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்த முனைந்தது. ஆம், நாடு கடத்தலே ஆயுதம், அன்றும் அதுதான். அவரை விடுவிக்கக் கேட்டுத் தொழிலாளர் திரண்டனர். மே திங்களில் சிலாங்கூரில் அவசர நிலை, பின்னர் படை, பின்னர் துப்பாக்கி. ஐந்து தொழிலாளர் மாண்டனர். சுட்ட படை இந்தியப் படை! துப்பாக்கி பிடித்த கையும் கறுப்பு, குண்டு துளைத்த மார்பும் கறுப்பு. ஆணை மட்டும் வெள்ளை. நாதன் கப்பலேற்றப்பட்டார். பிழைக்கப் போனவன் உரிமை கேட்டால் 'வெளியிலிருந்து வந்த கலகக்காரன்' ஆகிவிடுகிறான் என்பதை நம் பாட்டன்மார் உயிர் கொடுத்துக் கற்றனர்.

வெள்ளையன் போனான். வெள்ளையன் எழுதிய விதி போயிற்றா? 2018 மே 22. தூத்துக்குடி. தாமிர உருக்காலையை மூடக் கோரிய அறப்போராட்டத்தின் நூறாம் நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் நடந்தனர். அன்றும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் மாண்டனர். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த மாணவியும் அவர்களில் ஒருவர். ஆட்சியிலிருந்தோர் வாயிலிருந்து வந்த விளக்கம் என்ன? 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டனர்.' ஊடுருவினராம்! சொந்த ஊரிலே, சொந்தத் தெருவிலே நடந்தவன் ஊடுருவியவனாம்!

ஓய்வுபெற்ற நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் நான்காண்டுகள் விசாரித்து 2022இல் இறுதி அறிக்கை தந்தது. தூண்டுதல் ஏதுமின்றிச் சுட்டனர் என்றது; ஓடுகிறவர்களைச் சுட்டனர் என்றது; ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டனர் என்றது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆலையின் கதவு மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் ஆலையின் முறையீட்டைத் தள்ளிற்று. மக்கள் கேட்டது நியாயமென்று ஆகிவிட்டது. நியாயம் கேட்டவனைச் சுட்டவர்? அந்தச் சாவுகளுக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற அதிகாரி ஒருவரையும் நாம் கண்டதில்லை.

ஏன்? சட்டத்தின் ஓர் ஓரத்திலே ஒரு கவசம் இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க எடுத்த நடவடிக்கைக்காக ஒரு போலீஸ் அதிகாரி மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால், அரசின் முன் அனுமதி வேண்டும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 132ஆம் பிரிவு. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 132. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா'வில் - சட்டம் நம் நாவிலே நுழைவதற்குள் குண்டு நுழைந்துவிடும் போலிருக்கிறது - அது 151ஆம் பிரிவு. அடிமைச் சின்னங்களை அகற்றுகிறோம் என்று மார்தட்டிக்கொண்டு எழுதிய சட்டம்! பெயரை மாற்றினார்கள், எண்ணை மாற்றினார்கள், கவசத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். சுட்டவனின் எசமானனே சுட்டவன் மீது வழக்குப் போடலாமா என்று முடிவு செய்வதாம். ஆட்டுக்கு நியாயம் வழங்க ஓநாயிடம் கையெழுத்து!

"கல்லெறிந்தால்? தீ வைத்தால்? போலீஸ்காரன் உயிர் உயிரில்லையா?" என்று கேட்பர். உயிர்தான், ஐயமில்லை. தூத்துக்குடியில் வண்டிகள் எரிந்தன. அதையும் மறைக்க வேண்டாம். எரித்தவனைப் பிடி, வழக்குப் போடு, சிறையில் தள்ளு. எரிந்த வண்டிக்கு ஈடாக ஓடுகிற மனிதனின் முதுகை எந்தச் சட்டம் கேட்கிறது? உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் உயிர் போக்கும் வகையில் சுடலாம் என்று 1990இல் ஐக்கிய நாடுகள் மாநாடு ஹவானாவில் கோட்பாடு வகுத்தது. சுட நேர்ந்தால் தாழக் குறிவை என்று நம் காவல்துறையின் நிலையாணையே சொல்கிறது. விதி இல்லாமல் இல்லை. விதியை மீறினவனைக் கேட்க நாதி இல்லை.

அசாமுக்கு வாருங்கள். 2021 செப்டம்பர் 23. தரங் மாவட்டம். 'ஊடுருவியோர்' என்று ஆண்டாண்டாகப் பட்டம் சூட்டப்பட்ட வங்காள முஸ்லிம் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றினர். எதிர்த்தவர் மீது சூடு, இருவர் சாவு, ஒருவன் 12 வயதுச் சிறுவன். குண்டடிபட்டு விழுந்து கிடந்தவர் மீது ஏறிக் குதித்தான் ஒருவன். அவன் போலீசா? இல்லை. மாவட்ட நிர்வாகம் படமெடுக்க அமர்த்திய புகைப்படக்காரன்! அவன் கையில் துப்பாக்கி இல்லை. அந்தச் சொல் மட்டும் இருந்தது. அந்தப் புகைப்படக்காரனைத்தான் மின்வண்டியில் எதிர் இருக்கையில் கண்டேன் என்று சொன்னால் பெரியவர் வருந்துவார். ஆனாலும் சொல்கிறேன்.

கசப்பான மருந்து இனிமேல்தான், தோழர்களே. அந்தப் பெரியவர் மட்டுமா? நம் கூட்டங்களுக்கு வரும் தம்பிகளின் வாயிலும் 'வடக்கன்' என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் கடமை. இந்தி பேசும் கூலியை இழிப்பது நம் கொள்கையா? திணித்தவன் தில்லியில் இருக்கிறான். செங்கல் சுமப்பவன் இங்கே இருக்கிறான். அவனிலும் பலர் ஒடியாவும் வங்காளமும் பேசுவோர். கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளில் இரும்பு உருக்கும் அனலில் நிற்பவன் எந்தச் சாம்ராச்சியத்தின் தூதன்? கிள்ளானிலே நம் பாட்டன் எப்படியோ, இங்கே அவன் அப்படி.

2025 செப்டம்பரில், நம் மாவட்டத்துக் காட்டுப்பள்ளியில், உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளி ஒருவர் விழுந்து மாண்டார். இழப்பீடு கேட்டு உடன் உழைத்தோர் கூடினர். கற்கள் பறந்தன, தடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன, பலர் கைதாயினர். நல்லவேளை, துப்பாக்கி பேசவில்லை. ஆனால் மறுநாள் தேநீர்க்கடையில் என்ன பேச்சு? மாண்டவன் ஏன் விழுந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. 'வடக்கன் அட்டகாசம்' என்ற பேச்சே இருந்தது. அடுத்த முறை ஒரு துப்பாக்கி அங்கே பேசினால், அதற்கான சாக்கை எழுதி வைத்துவிட்டோம், நாமே!

அதே கும்மிடிப்பூண்டியில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. நெடுங்காலம் அவர்களையும் ஏடு 'சட்டவிரோதக் குடியேறி' என்றே எழுதிற்று. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது. அப்போது கொதித்தோம்; சரியாகவே கொதித்தோம். ஒரு முகாமுக்காகக் கொதித்த நெஞ்சு, பக்கத்துக் கொட்டகைக்கு மட்டும் குளிர்ந்துவிடலாமா?

வரும் ஞாயிறு மாலை செவ்வாப்பேட்டையில் கூடுகிறோம். 151ஆம் பிரிவை நீக்கக் கோரியும், ஆணையம் சுட்டிக்காட்டியவர் மீது வழக்குத் தொடுக்கக் கோரியும் தீர்மானம் எழுத வேண்டும். தொழிற்பேட்டையிலிருந்து ஒடியத் தோழர் இருவர் வர ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் பேச்சைத் தமிழாக்க ஆள் தேவை. தெரிந்தவர் முன்கூட்டியே எழுதுங்கள்.